குறைந்த செலவில் கோலாலம்பூர்

ஜன்னலோர இருக்கை ரங்கநாயகிக்கு என்று முடிவு செய்த கையோடு ஆறுக்குட்டிக்கு அந்த வாக்கியம் மறுபடியும் வந்துவிட்டது. அவரு வந்தாருன்னா அப்பறம் அது ஊர்வலமாயிரும், சுலோ. நேற்றுச் சாயங்காலம் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு நடையில் நின்றபோது சமையல்கட்டிலிருந்து காதில் விழுந்தது. மனைவி ரங்கநாயகி போனில் பேசிக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாளா, சொல்லிவிட்டுச் சிரித்தாளா என்பதுதான் நேற்றிலிருந்து பிடிபடவில்லை. சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் அது கேலி. இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவள் புருஷனைக் கேலி செய்யலாம், அந்த உரிமையை எந்தச் சட்டமும் பிடுங்க முடியாது. சொல்லி முடித்து, எதிர்முனையில் சுலோச்சனா சிரித்ததற்காக இவளும் சிரித்திருந்தால் அது கேலியல்ல, முன்பே பேசி முடித்த விஷயம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துவிட்டுச் செல்போனை மறுபடி முகத்தருகே கொண்டுபோனார். திரையில் விமானத்தின் வயிறு கட்டங்கட்டமாகத் தெரிந்தது. இருக்கையை நாமே தேர்ந்தெடுத்தால் அதற்குத் தனிக் காசு, விட்டுவிட்டால் ஆளுக்கொரு மூலையில் போட்டுவிடுவார்கள். சேர்ந்து வந்தவர்களைப் பிரித்துப்போட்டு, திரும்பச் சேர்ந்து உட்காரக் காசு கேட்கிற மூளையை அவர் நன்றாக அறிவார். மில் தொழிற்சங்கத்தில் அந்த மூளையோடு மல்லுக்கட்டித்தான் தலை நரைத்தது. ஆனால் முதல்முறையாக வானத்தில் ஏறுகிற பொம்பளைக்குப் பக்கத்தில் தெரிந்த முகம் வேண்டும். ஆகவே ஒரே வரிசையில் மூன்று இருக்கை: ரங்கம், சுலோச்சனா, திலகவதி. நாலாவது ஆள் நடைவழிக்கு அந்தப் பக்கம். நாலாவது ஆள் தான்தான் என்று நேற்றுச் சாயங்காலம் குளிக்கப் போகும்வரை அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. இன்றைக்கு வெயில் தாழ மற்ற இரண்டு பேரும் வருவார்கள். கூடிப் பேசி, மூன்றா நாலா என்று சொல்லிவிட்டால் சுலோச்சனாவின் மருமகன் ராத்திரிக்குள் டிக்கெட் போட்டுவிடுவான். மூன்றா நாலா என்று யாரும் இதுவரை வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காமலே இருப்பதுதான் அவருக்கு உறுத்தியது.

மின்விசிறி சுற்றியது. உள்ளறையில் ரங்கநாயகி சாப்பிட்ட களைப்பில் பாயில் படுத்திருந்தாள், வளையல் தரையில் உரசுகிற சத்தம் அவ்வப்போது வந்தது, அப்படியானால் தூங்கவில்லை. யோசனை பெண்களுடையதுதான், அதை அவர் மறுக்கவில்லை. மில் லைனில் ஒரே வரிசையில் குடியிருந்தவர்கள் மூன்று பேரும். சுலோச்சனாவின் புருஷன் நூல் சுற்றுகிற பிரிவில் இருந்து, நெஞ்சில் பஞ்சடைத்துப் போய்ச்சேர்ந்தவன். திலகவதி பள்ளிக்கூடச் சத்துணவில் சமைத்து ஓய்வு பெற்றவள். சீட்டு முடிந்து பணம் கைக்கு வந்த அன்று, நகை வேண்டாம், ஒரு தடவை வெளிநாடு என்றால் என்ன என்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று மூன்று பேரும் பேசிக்கொண்டார்கள். பயணக் கம்பெனி நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுவந்து அவரிடம் காட்டினார்கள். குறைந்த செலவில் கோலாலம்பூர், முதல்முறை செல்வோருக்கு முழு உதவி, ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி. நோட்டீஸ் எழுதியே வயசானவருக்கு எந்த எழுத்துப் பெரிசாக இருந்தால் எது பொய் என்று தெரியாதா? படித்துவிட்டு மடித்துக் கீழே வைத்தார். இவனுக உங்களச் சாக்லேட் கடையில எறக்கி உட்டுட்டுக் கமிஷன் வாங்குவானுக, ஊரு எங்க பாப்பீங்க, நா போட்டுத் தர்றேன் திட்டம் என்றார். அன்றைக்கு மூன்று முகமும் மலர்ந்தது நிஜம். மலர்ந்தது திட்டத்துக்கா, திட்டம் போடுகிறவனும் வருகிறான் என்பதற்கா என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. அவர் வேலையில் இறங்கிவிட்டார். திருச்சியில் ஏறினால் மலிவு, கோயமுத்தூரிலிருந்து திருச்சிக்கு இரவுப் பேருந்து வேண்டாம், பகல் ரயில், திலகவதிக்கு முழங்கால். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போக வேகரயில் வேண்டாம், பேருந்து இருக்கிறது, அதில் கட்டணம் பாதிகூட இல்லை. தங்குவது தமிழாட்கள் கடை வைத்திருக்கும் பகுதியில், பெரிய ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில். மத்தியானத்துக்கு மேல் அங்கே மழை பிடித்துக்கொள்ளுமாம், ஆகவே திறந்த வெளியெல்லாம் காலையில், கூரையுள்ள இடமெல்லாம் மாலையில். ஊர்வலத்தில் வேகமாக நடப்பவனைப் பின்னால் விடவேண்டும், நொண்டுகிறவனை முன்னால் விடவேண்டும். அப்போதுதான் கூட்டம் அறுந்துபோகாது. படித்தவன் எவனும் அதை அவருக்குச் சொல்லித்தரவில்லை. திலகவதியின் முழங்காலை முன்னால் வைத்து அவர் கோலாலம்பூரையே அளந்து முடித்திருந்தார், எந்தத் திருப்பத்தில் உட்கார இடம், எங்கே கழிப்பறை, எங்கே தண்ணீர். ஊர்வலமாயிரும். ஆனால் என்ன? ஊர்வலம் என்ன கேவலமா? ஊர்வலம் போகாமல் எந்தப் பெண்ணுக்குப் பேறுகால விடுப்பு வந்தது?

பாஸ்போர்ட் விஷயத்தில் ஒரு அவமானம், அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கெல்லாம் கொடுக்க மாட்டானுக, போலீஸ் விசாரணைக்கு வந்தான்னா என் பேர்ல இருக்கற கேசப் பாத்தே பேனாவ மூடிருவான் என்று ரங்கநாயகியிடம் அடித்துச் சொல்லியிருந்தார், சொல்லும்போது மீசை தன்னால் கொஞ்சம் ஏறியது. வந்தது ஒரு சின்ன வயசுக் காவலர். ஸ்கூட்டரை நிழலில் நிறுத்திவிட்டு, காபி குடித்துவிட்டு, கேசெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சுங்களேய்யா, நீங்க சீனியர் சிட்டிசன், பத்திரமாப் போய்ட்டு வாங்க என்று கும்பிட்டுவிட்டுப் போனார். சாலை மறியல், ஆலை வாசல் முற்றுகை, மதுரைச் சிறை, வேலூர்ச் சிறை, எல்லாம் ஒரு டம்ளர் காபியில் கரைந்தது. தபாலில் பாஸ்போர்ட் வந்து விழுந்ததும் ரங்கநாயகி இரண்டையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். அவர் தன்னுடையதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவனுக ஒரு தடவையாவது மறுத்திருக்கலாம். ஒரு மனுஷனைப் பார்த்து அரசாங்கம் பயப்படுவதை நிறுத்துவது அவன் சாவதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது, அதற்குக் கடுதாசி கிடையாது, வாசலில் ஒரு பையன் வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறான், அவ்வளவுதான். அங்கே போனால் இன்னும் மோசம். இங்கேயாவது மார்க்கெட் வாசலில் பூக்கட்டுகிற ஆட்கள் வாங்க தோழர் என்பார்கள், டீக்கடையில் பெஞ்சு நகரும். அங்கே மூன்று பொம்பளைகளுக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு போகிற ஒரு கிழவன். எல்லையில் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்கும் ஆள் என்ன கேட்பான், என்ன வேலை என்று கேட்பான். ரிட்டயர்டு. அந்த ஒரு சொல்லை அவர் குளியலறையில் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்திருந்தார், நாக்கில் உப்பில்லாத கஞ்சி மாதிரி இருந்தது. விமானத்தில் மூத்திரம் முட்டினால் நடைவழியில் வண்டி தள்ளுகிற பெண்ணை எப்படித் தாண்டிப் போவது, அந்தக் கதவு உள்பக்கம் தள்ளுவதா மடிவதா. பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது கதவு திறக்கத் தெரியாமல் நிற்பது. இதெல்லாம் பயமா? பயம் என்று சொல்ல முடியாது, முன்யோசனை. அப்படியானால் போகாமலே இருந்துவிடலாமே. இருந்துவிட்டால் இந்த வீடு, இந்த விசிறி, பக்கத்து வீட்டு மிக்ஸிச் சத்தம், சாயங்காலம் விளக்குப் போட ஆளில்லாமல் இருட்டு ஒவ்வொரு அறையாக ஏறி வரும். போன வருஷம் ரங்கநாயகி அவள் தம்பி வீட்டுக் காதுகுத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கியபோது ஒரு தடவை அவர் வாய்விட்டு அவளைக் கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்டுவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

அவளுக்கு ஊர் பார்க்கும் ஆசை என்றைக்கு வந்தது என்று தேடினால் நுனி கிடைப்பதில்லை. பார்க்காத ஊரா? சேலம் மாநாட்டுக்கு வந்தாள், மதுரை மாநாட்டுக்கு வந்தாள், திருநெல்வேலிக்கு ஒரு பேரணி, சென்னைக்கு இரண்டு. எந்தத் தலைவன் தன் பெண்டாட்டியை மாநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான்? மற்றவனெல்லாம் மேடையில் பெண்விடுதலை பேசிவிட்டு வீட்டில் பூட்டி வைத்தான். அவர் கூட்டிக்கொண்டு போனார், ரயிலில், கொடிக்கட்டோடும் அரிசி மூட்டையோடும். இந்தப் பேச்சு ஆரம்பித்தபோது அவர் அதைத்தான் சொன்னார், நாமதான் மதுரையெல்லாம் பாத்துட்டமே ரங்கம் என்று. அவள் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், மதுரையில நா பாத்தது அண்டா மட்டுந்தானுங்க, என்றாள். நல்ல சாமர்த்தியமான பதில் என்று அவர் சிரித்தார், அவள் சிரிக்கவில்லை, ஆனால் கீரை உருவும்போது அவள் பொதுவாகச் சிரிப்பதில்லை. தோழர்கள் அவள் சாம்பாரை இன்றைக்கும் சொல்வார்கள். வேலூரிலிருந்து விடுதலையாகி வந்த அன்றைக்கு மில் வாசலிலிருந்து மாலையோடு வந்த கூட்டத்துக்கு மொத்தமும் அவள்தான் பொங்கிப் போட்டாள், அவர் பேசிக்கொண்டே இருந்தார், பேச்சு முடிந்து உள்ளே போனபோது அவள் அடுப்புக்குப் பக்கத்திலேயே தூங்கிப்போயிருந்தாள், அவர் வந்தது தெரியாமல். எழுப்பவேண்டாம் என்று விட்டுவிட்டார். அது பெரிய அன்பு என்று அப்போது நினைத்திருந்தார். ஊர்வலமாயிரும். அந்த வாக்கியத்தில் கோபம் இல்லை, அதுதான் சள்ளை. கோபமாகச் சொல்லியிருந்தால் கோபத்துக்குப் பதில் சொல்லலாம். அவருக்குப் பதில் சொல்லத் தெரியும், மாவட்ட ஆட்சியருக்குச் சொல்லியிருக்கிறார், முதலாளியின் வக்கீலுக்குச் சொல்லியிருக்கிறார்.

முருகன் கோயில் விஷயத்தில் அவர் விட்டுக்கொடுத்தது அவளுக்குத் தெரியுமா? முதல் திட்டத்தில் அந்த ஊர்க் குகைக் கோயில் கிடையாது. சாமி இல்லை என்கிற கொள்கை. அதற்குப் பதில் அங்குள்ள பழைய சிறையைப் போட்டிருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு தமிழ்த் தொழிற்சங்கத் தலைவனை அங்கே தூக்கிலிட்டார்கள், அவர் மில்லில் சேர்ந்த புதிதில் நாலணாப் பிரசுரம் ஒன்றில் படித்தது, படித்த இரவு தூங்கவில்லை. அந்த மதிலுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நிற்கவேண்டும், இவர்களுக்கு விஷயத்தைச் சொல்லவேண்டும், அவ்வளவுதான் ஆசை. செல்போனில் தேடினால் சிறை இல்லை. இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் குளிரூட்டிய கடைவளாகம், நகரும் படிக்கட்டு, ஜப்பான் சாப்பாடு. அவர் வேலை செய்த மில்லும் இப்போது அதுதான். ஸ்பின்னிங் ஓடிய இடத்தில் சினிமா ஓடுகிறது. எந்த ஊருக்குப் போனாலும் அவனுகளுக்கு ஒரே வரைபடம். அன்றைக்குத்தான் கோயிலைச் சேர்த்தார், ரயிலிலேயே போய் இறங்கிவிடலாம், படியேற முடியாதவர்கள் கீழேயே சிலையைப் பார்த்துக்கொள்ளலாம். சேர்த்ததைச் சொன்னபோது ரங்கநாயகி, செரிங்க, என்றாள். அந்தச் செரிங்கவில் ஒரு நன்றி இருந்திருக்கவேண்டும். இல்லை. நீங்கள் சேர்க்காவிட்டாலும் நாங்கள் போயிருப்போம் என்கிற செரிங்க அது. இப்போதுதான் தெரிகிறது.

செருப்புச் சத்தம் கேட்டபோது அவர் சட்டையைப் போட்டுக்கொண்டார். உள்ளே வளையல் எழுந்தது. சுலோச்சனாவோடு வந்த திலகவதி நாற்காலியின் கையைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்து, "ஏனுங்கண்ணா, பாஸ்போர்ட்டுல என்ற போட்டாவப் பாத்தீங்களா, கோழி திருடுனவளாட்ட இருக்கறேன், உள்ள உடுவானா அவன்?" என்றாள். சுலோச்சனா, "உன்ன உடுவான், கோழிய உடமாட்டான், ஏழு கிலோவுக்கு மேல தூக்கக்கூடாதாமா," என்றாள். ரங்கநாயகி டீ டம்ளர்களை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள், வாயைப் பொத்திக்கொள்ளாமல், தோள் குலுங்க. அவள் இப்படிச் சிரிப்பதை அவர் பார்த்து நாளாகிவிட்டது என்று நினைத்தார், உடனே, அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாளோ, தான்தான் பார்க்கவில்லையோ என்றும் நினைத்தார். தொண்டையைச் செருமினார். மூன்று சிரிப்பும் நின்றது. கூட்டம் அடங்குவதைக் கேட்பது அவருக்குப் பழகிய சுகம், இன்றைக்கு அது பிடிக்கவில்லை. திட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார். ரயில், திருச்சி, விமானம், பேருந்து, அறை. சொல்லச் சொல்லக் குரல் பழைய இடத்துக்கு ஏறியது. அவர்கள் கவனமாகக் கேட்டார்கள், திலகவதி கழிப்பறைகளைக் கேட்டுத் தலையாட்டினாள், இவ்வளவும் எப்படிங்ணா கண்டுபுடிச்சீங்க என்றாள், அவருக்கு உள்ளே ஒரு விளக்கு எரிந்தது. "இனிச் சாப்பாடு," என்றார். "இதுலதான் எல்லாரும் ஏமாறுவாங்க. வெளியூர்ல காசு போற ஓட்டை வாயிதான். நாம என்ன பண்றோம், சின்னக் கரண்ட் குக்கர் ஒண்ணு, அரிசி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துக்கறோம். அறையிலயே காத்தால ஒருக்கா, ராத்திரி ஒருக்கா, ரங்கம் பொங்கிருவா. மத்தியானம் மட்டும் வெளியில. செலவு பாதியாயிரும்." சொல்லி முடித்து டீயை எடுத்தார். திலகவதி சுலோச்சனாவைப் பார்த்தாள். சுலோச்சனா தன் கால்விரலைப் பார்த்தாள். திலகவதிதான் வாயைத் திறந்தாள். "அந்தூர்லயும் ரங்கக்காதான் பொங்கோணுமுங்களாண்ணா?" ஏளனம் இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அண்டா. யாரோ முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்ன மாதிரி அந்தச் சொல் வந்தது. மதுரை, சேலம், திருநெல்வேலி, ஒவ்வொரு ஊரிலும் புகை, புகைக்குப் பின்னால் இவளுடைய முதுகு, அவர் மேடையிலிருந்து அந்த முதுகைப் பார்த்திருக்கிறார், நம் வீட்டுப் பெண்களும் களத்தில் இருக்கிறார்கள் என்று விரல் நீட்டிக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறார். முழங்காலுக்குக் கணக்குப் போட்டவன், மழைக்குக் கணக்குப் போட்டவன், இவளை மட்டும் ஆளாகவே சேர்க்காமல் சாமானோடு சேர்த்திருக்கிறான். "சும்மா சொன்னேன், வெளியிலயே சாப்பிட்டுக்கலாம்," என்றார். சொன்ன குரல் அவருக்கே பிடிக்கவில்லை, பேச்சுவார்த்தையில் முதலாளி கடைசி நிமிஷத்தில் இறங்கி வருகிற குரல் அது.

வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் எழுந்து போகிற பழக்கம் அவருக்கு இல்லை. அடி வாங்கினால் மேடைக்கு ஓடுவார். இப்போதும் ஓடினார். "இதுல சுத்தி வளைக்க ஒண்ணுமில்ல," என்றார். "நானும் வரணுமா வேண்டாமா, இன்னிக்கு முடிவாயிரட்டும். வரணும்ங்கறவங்க கை தூக்குங்க." சுலோச்சனா, "என்னங்ணா, மில் கேட் மீட்டிங்காட்டப் பண்றீங்க," என்று சிரிக்கப் பார்த்தாள். ஆனால் திலகவதியின் கை ஏறிவிட்டது, அதைப் பார்த்து சுலோச்சனாவுடையதும் ஏறியது. கை தூக்கச் சொன்னால் தூக்குகிற கையைத்தான் பார்க்கவேண்டும், தூக்காத கையைப் பார்க்கக்கூடாது, பார்த்த மாத்திரத்தில் ஏகமனதாக என்று அறிவித்துவிடவேண்டும். மேடை ஏறுகிறவன் முதலில் படிக்கிற பாடம். கடைசி வேலைநிறுத்தத்தில் ஆலை வாசலில் அத்தனை கையும் காடு மாதிரி எழுந்தது, கோரிக்கை நிறைவேறும்வரை போராட்டம் தொடரும், ஏகமனதாக. அடுத்த வாரம் பின்வாசலில் ஒவ்வொருவனாகக் கையெழுத்துப் போட்டு உள்ளே போனான். துரோகிகள் என்று நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் ஒட்டினார். இத்தனை வருஷம் அவனுகளைத் திட்டித் திட்டித்தான் அவருக்குச் சோறு செரித்தது. அவனுக கேள்வியைக் கேட்டு அன்றைக்குக் கை தூக்கவில்லை, கேட்ட ஆளைப் பார்த்துத் தூக்கினானுக, இதோ இந்த இரண்டு பேர் மாதிரி, பெரியவர் கேட்கிறார் பாவம் என்று. அவர் மெல்ல ரங்கநாயகியின் பக்கம் திரும்பினார். அவள் கைகள் மடியில் இருந்தன, ஒன்றின்மேல் ஒன்று. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் அவர் முன்னால் தூக்காமல் இருந்த கையை முதல் தடவையாகக் கண்ணால் பார்க்கிறார். ஏகமனதாக என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்தது, வழக்கம் விடாது. விழுங்கினார்.

"தோத்துப்போச்சு," என்றார்.

"ரெண்டு கை ஏறியிருக்குதுங்களே," என்றாள் திலகவதி, கையை இன்னும் இறக்காமல்.

"ரெண்டும் மரியாதைக்கு ஏறுனது. எறக்கு அம்மணி, வலிக்கப்போகுது. சுலோச்சனா, மூணு டிக்கெட் போடச் சொல்லுங்க உங்க மருமகன."

ஐயோ அப்பிடியில்லீங்க என்று ஒரு வார்த்தை வரும் என்று அவர் காத்திருந்தார். காத்திருக்கவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டு காத்திருந்தார். வாசலில் கேஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. ரங்கநாயகி புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். "பேரு பாஸ்போர்ட்டுல இருக்கறாப்பலயே போடச் சொல்லு சுலோ," என்றாள், "ஒரு எழுத்து மாறுனாலும் திருப்பி அனுப்பிருவாங்களாமா." சுலோச்சனா தலையாட்டிக்கொண்டே அவரை ஒரு தரம் பார்த்தாள். பார்வையில் இரக்கம் இருந்தது, அதை அவர் தாங்கிக்கொண்டார். இரக்கப்படுகிறவர்களைப் பதிலுக்கு வெறுத்துவிட்டுப் போகலாம், அதற்கு அவரிடம் பயிற்சி இருந்தது. திலகவதிதான் மனசு கேட்காமல், "அத்தன நாளும் அண்ணனுக்குச் சோறு?" என்று கேட்டாள்.

"அவரு பாத்துக்குவாரு," என்றாள் ரங்கநாயகி.

அவர் அந்தக் குரலுக்குள் தேடினார். பழைய கோபம் எங்காவது ஒட்டியிருக்கிறதா, ஒரு குத்தல், ஒரு கணக்குத் தீர்ப்பு, மதுரைக்கும் வேலூருக்கும் சேர்த்து ஏதாவது. இருந்திருந்தால் எழுந்து நின்று பதில் சொல்லியிருப்பார். அவள் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல்தான் சொல்லியிருந்தாள். சண்டை போட ஒரு விரற்கடை இடம்கூட அவருக்கு விட்டுவைக்கவில்லை.